பிளாஸ்மா காற்றும் லயத்துக் கூரையும்

இன்று காலை றக்வானையிலிருந்து இரத்தினபுரிக்கு பஸ்ஸில் போகும்போது பத்திரிகை படித்தேன். பூமியைச் சுற்றி, ஆகாயத்துக்கும் மேலே, பிளாஸ்மா காற்று ஒன்று ஓயாமல் வீசுகிறதாம். செய்மதிகளை அனுப்பிக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

பக்கத்து சீட்டில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் செல்லம்மா அக்கா. "என்னா டீச்சர், அப்பிடி படிக்கிறீங்க?" என்றார்.

சொன்னேன்.

"அந்தக் காத்துல எலை ஆடுமா?"

"ஒன்னும் ஆடாதுக்கா. நம்ம மேலயும் படாது. ஆனா இருக்குன்னு மெசின் சொல்லிருச்சு."

அக்கா சிரிக்கவில்லை. போன மாதக் காற்றில், தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில், அவர் வீட்டுக் கூரையில் இரண்டு தகரம் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. இப்போது மழை நேரே அடுப்பில் விழுகிறது. மூன்று முறை சொன்ன பிறகு தோட்டத்து ஆபீஸிலிருந்து ஒரு ஐயா வந்து பார்த்தாராம். அன்றைக்கு நல்ல வெயில்.

"வந்து நின்னு, சிங்களத்துல 'கோ ஹுளங்க?'ன்னாரு டீச்சர். காத்து எங்கன்னு கேட்டா நான் என்னாத்த காட்டுறது? மேல பாத்தாரு. மிச்சத் தகரம் பறக்காம இருக்க நாங்க வச்ச கல்லு இருந்திச்சு. கல்லு பாரத்துலதான் கூரை கெட்டுச்சுன்னு எழுதிக்கிட்டுப் போயிட்டாரு."

நான் பத்திரிகையை மடித்து வைத்தேன். இறங்கும்போது அக்கா சொன்னார்:

"அங்க மேல யாரும் கல்லு வச்சிருக்க மாட்டாங்க டீச்சர். அதான் காத்துன்னு ஒத்துக்கிட்டாங்க."

செய்மதிக்காரர்களின் விலாசம் யாரிடமாவது இருக்கிறதா? போகிற வழியில் எங்கள் லயத்தையும் பார்த்து, இங்கே காற்று உண்டு என்று ஒரு வரி எழுதித் தந்தால் போதும். அவர்கள் வருகிற நேரத்துக்குக் கல்லை எல்லாம் இறக்கி ஒளித்து வைக்கிறோம்.