மஞ்சள் படிந்த இரண்டு குழாய்கள்

இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறிக் கொடைக்கானலுக்கு வந்து சேர்ந்தபோது பெருமாயிக்கு இருபத்தாறு வயது. கொழுந்து கிள்ளிய கைகளுக்கு மிஷன் ஆஸ்பத்திரி லேபில் கண்ணாடிச் சாமான் கழுவும் வேலை கிடைத்தது. கொஞ்ச நாளில் கிருமி வளர்க்கும் அகார் காய்ச்சவும் கற்றுக்கொண்டாள். கொதிக்கும் அகாரின் கடற்பாசி வாசனை, ஜன்னலில் வந்து ஒட்டிக்கொள்ளும் மூடுபனி, பத்து மணிக்கு எல்லோரும் சேர்ந்து குடிக்கும் சுக்குக்காப்பி என்று எழுபதுகளில் தொடங்கிய அந்த லேப் நாட்களைப் பற்றிப் பேசினாலே பின்னாளில் அவள் முகம் மலர்ந்துவிடும். ரொம்ப நல்ல காலம் என்பதை இலங்கைப் பேச்சில் "மிச்சம் நல்ல காலம்" என்பாள். 1981-ஐ மட்டும் அதில் சேர்க்கமாட்டாள்.

அந்த ஆண்டு ஆடி மாதம், பெருமாள்மலைக்குத் தோட்டக் கூலி வேலைக்கு வந்திருந்த ஆடலூர் ராக்கம்மாவுக்குக் குறைமாதத்தில் ஆண்குழந்தை பிறந்தது. அவளுக்குப் பால் ஊறவில்லை. ஆஸ்பத்திரியில் டின் பால்மாவைப் புட்டியில் கரைத்துக் கொடுத்தார்கள்; அவள் ஊட்டினாள். ஒன்பதாம் நாள் குழந்தைக்கு ஜன்னி கண்டது. பதினோராம் நாள் போய்விட்டது.

"கையக் கழுவாம புட்டியத் தொட்டிருப்பா. தோட்டத்துச் சனத்துக்குச் சுத்தம் ஏது?" என்று வார்டில் ஒருத்தி சொன்னாள். அது ராக்கம்மாவின் காதில் விழுந்தது. பெருமாயியின் காதிலும் விழுந்து, சுருக்கென்று தைத்தது.

லேப் டாக்டர் தமயந்தி குழந்தையின் தண்டுவட நீரைச் சோதித்தபோது மஞ்சள் நிறத்தில் ஒரு கிருமி வளர்ந்தது. குழந்தைக்குக் கொடுத்த டின்னோடு அதே பெட்டியில் வந்த, சீல் பிரிக்காத இன்னொரு டின்னைத் தானே உடைத்து, அந்த மாவையும் அகாரில் இட்டுப் பார்த்தார். அதிலும் மஞ்சள் பூத்தது.

"மஞ்சளா வளர்றதெல்லாம் ஒண்ணாயிடுமா டாக்டர்? அது வேற, இது வேறன்னு கம்பெனிக்காரன் சொன்னா நம்மகிட்ட என்ன பதில் இருக்கு?" என்றார் பெரிய டாக்டர் இராமலிங்கம்.

இரண்டும் ஒன்றுதான் என்று நிரூபிக்க அன்றைக்கு அங்கே வழி இல்லை. மறுவருஷம் தமயந்தி ஆராய்ச்சிக்காகச் சென்னைக்குப் புறப்பட்டார். குழந்தையின் கிருமியும் டின்னின் கிருமியும் வளர்ந்திருந்த இரண்டு கண்ணாடிக் குழாய்களைக் காட்டி, "பெருமாயி, இந்த ரெண்டு டியூபையும் சாக விட்டுடாதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மாதம் ஒரு முறை கம்பியை நெருப்பில் காட்டி, பழைய குழாயிலிருந்து புதிய குழாய்க்குக் கிருமியை மாற்றி வந்தாள் பெருமாயி. 1984-இல் டைபாய்டில் இரண்டு மாதம் படுத்துவிட்டாள். எழுந்து வந்து பார்த்தால் குழந்தையின் குழாய் காய்ந்து சருகாகக் கிடந்தது. சுரண்டியெடுத்துப் புது அகாரில் இழுத்துவிட்டு, பூம்பாறைக் குழந்தை வேலப்பரை வேண்டிக்கொண்டாள். பிள்ளையைக் கொன்ற கிருமி பிழைக்க வேண்டுமென்றா வேண்டுகிறோம் என்று நினைத்தபோது உடம்பு கூசியது. மூன்றாம் நாள் காலை ஒரே ஒரு மஞ்சள் புள்ளி தெரிந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

1986-இல் குழாய்களைக் கொண்டுவரச் சொல்லித் தமயந்தியிடமிருந்து கடிதம் வந்தது. இரண்டு குழாய்களையும் பஞ்சில் சுற்றி டிபன் கேரியரில் வைத்துக்கொண்டு பெருமாயி மலையிறங்கி ரயிலேறினாள். சென்னையில் கிருமிகளின் மரபணு இழைகளைப் பிரித்து, ஜெல்லில் ஓடவிட்டுப் படம் எடுத்தார்கள். படத்தில் ஒவ்வொரு கிருமிக்கும் ஒரு கோட்டு வரிசை தெரிந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வைத்த வேறொரு ஊர் மஞ்சள் கிருமியின் கோடுகள் ஏறுக்குமாறாக விழுந்தன. டின்னின் கோடுகளும் குழந்தையின் கோடுகளும் ஒன்றுக்கொன்று அச்சாக நின்றன.

முடிவை எழுதி அனுப்பியும் பால்மாக் கம்பெனி கடைசிவரை பதில் எழுதவில்லை. ஆஸ்பத்திரியில் மட்டும், கொதித்த நீரில் மாவைக் கரைத்து, ஆற்றி உடனே ஊட்ட வேண்டும், மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும் என்று விதி வந்தது.

ஊர் திரும்பிய வாரமே பெருமாயி ஆடலூருக்குப் போனாள். ராக்கம்மா மிளகுக்கொடிக்கு அடியில் நின்றுகொண்டிருந்தாள்.

"தாயி, ஒங் கையில ஒரு குத்தமும் இல்ல. சீல் பிரிக்காத டின்னுக்குள்ளயே அது இருந்திருக்கு. படம் எடுத்துப் பாத்துட்டாங்க."

ராக்கம்மா தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தாள். பிறகு, "அஞ்சு வருசமா இந்தக் கையத் தேச்சுத் தேச்சுக் கழுவிக்கிட்டே கெடக்கேங்க" என்றாள்.

பெருமாயி அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டாள். "பிள்ளைக்குப் பேர் வச்சிருந்தியா?"

"அழகர்னு வச்சேங்க. இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கல."

ராக்கம்மா உலை வைத்தாள். இருவரும் சாப்பிட்டபடி, சாயங்கால பஸ் வரும்வரை அந்தப் பதினோரு நாள் பிள்ளையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.