நீளச் சங்கிலியும் தம்பி கல்யாணமும்

ஜெர்மனிக்கு வந்த புதிதில் பக்கத்து வீட்டுக்காரி ஒரு தட்டில் கேக் நீட்டினாள். நம் வழக்கப்படி முதலில் "வேண்டாம்" என்றேன். அவ்வளவுதான், தட்டு உள்ளே போய்விட்டது. எங்கள் ஊர் கருமத்தம்பட்டியில் இலையை மறைத்துக் கும்பிட்டாலும் இன்னொரு கரண்டி விழும். இங்கே அரைப்பட்டினிதான்.

மனதில் இருப்பதை நேராகச் சொல்லாத இந்தப் பழக்கம் நான் வேலை செய்யும் ஆய்வுக்கூடத்திலும் என்னைக் கவிழ்க்கப் பார்த்தது. புண்ணுக்குக் கட்டும் துணியில் பூசுவதற்காக, கிருமியைக் கொல்லும் செயற்கைப் பாலிமர் செய்கிறோம். ஒரே மாதிரியான சிறு கண்ணிகளைக் கோத்துச் சங்கிலியாக்குவதுதான் வேலை. சங்கிலி நீள நீள மூலக்கூற்று எடை கூடும். எடை கூடினால் சுபாவமும் மாறும். எங்கள் நீளச் சங்கிலி கிருமிகளைச் சட்டென்று கிழித்தது, கூடவே ரத்தத்தின் சிவப்பணுக்களையும் கிழித்தது. குட்டைச் சங்கிலி மெதுவாகத்தான் கொன்றது. ஆனால் ஒருமுறை பார்த்த அளவில் ரத்தத்தைத் தொடவில்லை.

குழுத் தலைவர் மார்ட்டினுக்கு வேகம் பிடித்துவிட்டது. "நீளமானதையே அனுப்பிவிடலாமா?" என்று கேட்டார். "பார்க்கலாம்" என்றேன். ஊரில் பெண் கேட்டு வந்தவரிடம் அப்பா "பாக்கலாமுங்க" என்றால், வந்தவர் அது மறுப்பென்று புரிந்து, காப்பியைக் குடித்துவிட்டுச் செருப்பை மாட்டிவிடுவார். மார்ட்டினோ நான் சம்மதித்ததாக எடுத்துக்கொண்டு அடுத்த கட்டச் சோதனைக்கு ஏற்பாடு செய்துவிட்டார்.

அம்மாவின் சர்க்கரைப் புண்ணில் இதை வைத்துக் கட்டுவேனா? மாட்டேன். மார்ட்டின் அறைக்கே போய், "நீளமானது வேண்டாம். நான் ஒத்துக்கொள்ளவில்லை," என்றேன். மார்ட்டின் கோபப்படவில்லை.

"சரி. குட்டைச் சங்கிலி ரத்தத்தைக் கெடுக்காது என்று நீயே மறுபடி சோதித்து நிரூபி. மாதக் கடைசி வரை நீளமானதை நிறுத்தி வைக்கிறேன்."

மாதக் கடைசியில்தான் தம்பி கல்யாணம். எங்கள் பக்கக் கல்யாணங்களில் இணைச்சீர் உண்டு. கூறைச் சேலையின் ஒரு முனையை மாப்பிள்ளையும் மறு முனையை உடன்பிறந்தவளும் பிடிக்க வேண்டும். அக்கா நான்தான் அந்த முனையைப் பிடிக்க வேண்டியவள். அம்மாவைப் போனில் கூப்பிட்டேன்.

"என்னால வர முடியாதுங்கம்மா."

"இப்புடியா பட்டுனு சொல்லுவ கண்ணு? பாக்கறேன்னு சொல்லியிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும்," என்றார். "செரி, உங்க சித்தி மகள நிக்கச் சொல்றேன்."

அங்கே சாயங்காலம் சீர் நடந்தபோது இங்கே மதியம். குட்டைச் சங்கிலி கலந்த ரத்தத்தைச் சுற்றிப் பிரிக்கும் சுழல் இயந்திரம் அப்போதுதான் நின்றிருந்தது. அணுக்கள் உடைந்திருந்தால் குழாயில் தண்ணீர் முழுக்கச் சிவந்திருக்கும். வலது கையில் குழாயைத் தூக்கிப் பிடித்தேன். சிவப்பு அடியில் படிந்து, மேலே நீர் தெளிந்திருந்தது. இடது கையில் போன். அதில் சித்தி மகள் சேலை முனையைப் பிடித்துக்கொண்டு என் தம்பி பக்கத்தில் நின்றாள். இரண்டில் எதையும் கீழே வைக்க மனம் வரவில்லை. கண்ணைத் துடைக்கக் கை இல்லாமல் நின்றேன்.