ஏரி கோடி போன ஞாயிறு

இசக்கிபாண்டி ஒரகடத்துக்கு வேலைக்கு வந்து ஆறு வருடம். அதில் முதல் ஐந்து வருடம், வல்லம் வடகால் தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு ஏரி இருப்பதே அவனுக்குத் தெரியாது. ஷிப்ட் பஸ் அறை வாசலில் ஏற்றிக்கொள்ளும். கம்பெனி கேட்டில் இறக்கிவிடும். பஸ் ஜன்னல்களில் கறுப்புத் தாள் ஒட்டியிருக்கும். வெளியே வெயிலா மழையா என்பதை, ஏறுகிற ஆட்களின் சட்டையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

பேருந்துகளுக்கு முன்முகப்பை ஃபைபரில் வார்க்கிற பிரிவில் அவனுக்கு வேலை. அச்சின் மேல் கண்ணாடி நார்ப் பாயை விரித்து, ரெசினைத் தடவி, உள்ளே ஒரு காற்றுக்குமிழ்கூட நிற்காதபடி உருளையால் அழுத்தி வெளியே தள்ள வேண்டும். குமிழ் நின்றால் அந்த இடம் ஒருநாள் வெடிக்கும். அவன் உருட்டிய முகப்புகள் வெடித்துத் திரும்பி வந்ததில்லை. சொந்த ஊர் சாத்தான்குளத்துக்குத் தெற்கே, செம்மணல் தேரியை ஒட்டி. நீச்சல் தெரியும், கிணற்றில் பழகியது. பரந்த தண்ணீர் தெரியாது. ஊர்க் குளம் நிறைந்ததை அவன் வயதில் இரண்டு முறை பார்த்திருக்கிறான்.

ஒரு வாரவிடுமுறை நாளில் அறைக்காரர்களோடு கோவளம் போனான். மற்றவர்கள் அலையில் குதித்துக்கொண்டிருந்தார்கள். திரும்பும் வழியில், முட்டுக்காட்டில், அசையாத கழிமுக நீரில் ஒரு பெண் பலகையின் மேல் நின்றபடி துடுப்புப் போட்டுக்கொண்டு போவதை அவன் கண்டான். உட்காரவில்லை, நின்றுகொண்டே போனாள். பஸ் வந்தது. அவன் ஏறவில்லை. அடுத்த பஸ்ஸிலும் ஏறவில்லை.

அலைச்சறுக்குச் சொல்லித்தருகிற ஓர் இடத்தின் பின்புறம், விரிசல் விட்டு வெயிலில் கிடந்த பழைய பலகை ஒன்றை மறு வாரமே கேட்டு வாங்கிவந்தான். விரிசலை அடைப்பது அவனுக்கு அன்றாட வேலை. அலுமினியக் குழாயின் முனையில் ஃபைபர் இலை வைத்துத் துடுப்பையும் அவனே செய்துகொண்டான். மிச்சம் இருந்தது தண்ணீர்தான். அதைக் காட்டியவன் திருமலை. அதே கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். அந்த ஏரியின் பெயர் சித்தேரி; அதன் கரைக்குக் கீழே அவன் வீடு இருக்கிறது.

“இன்னா மச்சி இது, இஸ்திரி போடுற பலகையா?” என்றான் திருமலை, குட்டியானை வண்டியிலிருந்து அது இறங்குவதைப் பார்த்து. பக்கத்து வீட்டிலிருந்து அவன் அக்கா லீலா எட்டிப் பார்த்தாள். மூன்று எருமை வைத்திருப்பவள். ஏரிக்குக் கீழே முக்கால் காணி நெல்லும் இன்னும் விடாமல் போட்டுவருபவள்.

“இத்துமேல நீ நிப்பியா? எங்க எருமைமேல நில்லேன், அது தானா தண்ணிக்கு இட்டுகினு போவும்.”

அன்றிலிருந்து லீலாவுக்கு அவன் பெயர் ‘பலகை’.

முதல் மாதம் விழுவதே வேலையாக இருந்தது. முழங்காலை இறுக்கினால் விழுந்தான். கீழே பார்த்தால் விழுந்தான். இரண்டாம் மாதம் நின்றான். நின்ற பிறகுதான் ஏரி கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது. கரையிலிருந்து பார்க்கிறவனுக்கு ஏரி ஒரு பளபளப்பு. அதன் நடுவே நிற்கிறவனுக்கோ காலுக்குக் கீழே பாசி, பாசிக்குள் கெண்டைக் குஞ்சு, குளிர்ந்த திட்டு, வெதுவெதுப்பான திட்டு. காலையில் காற்று மேற்கிலிருந்து வந்தது. பகல் ஏறினால் ஏரியோரத்து அப்பளக் கம்பெனியின் கொதிகலன் புகை ஒரு நிமிடம் நேராக நின்று, பிறகு எதிர்ப்பக்கம் சாயும். கடல் நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் அதன் காற்று வந்துவிட்டது என்று அர்த்தம்; துடுப்பைத் திருப்பிக்கொள்ள வேண்டும். யாரும் சொல்லித்தரவில்லை. இரண்டு முறை எதிர்க்காற்றில் மாட்டி, தோள் கழன்று தெரிந்துகொண்டான். நெற்றியில் வெள்ளை வைத்த கறுப்புப் பறவையை ‘கறுப்புக் கோழி’ என்று சொல்லிவந்தான். “நாமக்கோழிடா அது, நாமம் தெரியலியா?” என்றான் திருமலை. அதன் பிறகு நாமம் மட்டுமே தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஏரியில் நிற்கிற அந்த ஒரு மணி நேரத்துக்காகவே மற்ற ஆறு நாளும் ஓடின. இரண்டு தடவை ஊருக்கே திரும்பிவிடலாம் என்று பெட்டி கட்டியவன், அந்த வருடம் கட்டவில்லை. ஏரி இல்லையென்றால் இந்த ஊரில் தனக்கு ஒரு கட்டிலும் ஒரு அடையாள அட்டையும் தவிர வேறொன்றும் இல்லை என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது.

கார்த்திகையில் ஐந்து நாள் அடைமழை. ஆறாம் நாள் ஞாயிறு. மழை விட்டிருந்தது, மேகம் விடவில்லை. ஏரி கரைமுட்ட நின்றது. இவ்வளவு தண்ணீரை அவன் அதில் பார்த்ததில்லை. பலகையை இறக்கி நடுவுக்குப் போய்விட்டான். லீலா கரைமேல் எருமைகளை ஓட்டிக்கொண்டு வந்தவள், அவனைக் கண்டு கை இரண்டையும் வாயருகே குவித்தாள்.

“எப்பா பலகை! ஏரி கோடி போவுது! போவாத!”

காற்றில் பாதி வந்தது. ‘ஏரிக் கோடி’ என்பதும் ‘போவாத’ என்பதும் தெளிவாகக் கேட்டன. கோடி என்றால் கடைசி. தெருக்கோடி, கடைக்கோடி. ஏரியின் கடைசிக்கு, அப்பளக் கம்பெனி மதிலைத் தண்ணீர் தொடுகிற தூரத்து மூலைக்குப் போகாதே என்கிறாள். கையைத் தூக்கிச் சரி என்று காட்டினான். சொன்ன பேச்சைக் கேட்கிறவன். பலகையைத் திருப்பி, பத்திரமான பக்கம் என்று கரையோரமாகவே தெற்கே வந்தான்.

அங்கே எப்போதும் வேலிகாத்தான் புதராக இருந்த இடம் இன்று வெட்டவெளியாக இருந்தது. முந்தின வாரம்தான் ஊர்க்காரர்கள் வெட்டிச் சுத்தம் செய்திருந்தார்கள். துடுப்புப் போடாமலேயே பலகை நகர்ந்தது. முதலில் அவனுக்கு அது சந்தோஷமாக இருந்தது. தண்ணீரே தன்னைத் தாங்கி அழைத்துப்போவது போல் துடுப்பை மார்போடு வைத்துக்கொண்டு நின்றான். பிறகு எதிரே வரிசையாக நட்ட கற்களின் தலைகள் தெரிந்தன. அவற்றுக்கு அப்பால் ஏரி இல்லை. இரைச்சல் மட்டும் இருந்தது.

துடுப்பைக் குத்தித் திருப்பப் பார்த்தான். பலகை குறுக்கே திரும்பியது, அதுதான் கெடுதலாயிற்று. அகலவாட்டில் போய்க் கற்களில் மோதியதும் அவன் தெறித்து விழுந்தான். ஒரு கல் கைக்கு அகப்பட்டது. கணுக்காலையும் பலகையையும் இணைத்த கயிறு காலை இழுத்தது. மூச்சைப் பிடித்துக் குனிந்து பட்டையைப் பிய்த்தான். கல்லைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்தபோது லீலா, “டேய் திருமலை!” என்று அலறிக்கொண்டு ஓடுவது கேட்டது.

திருமலையும் வார்டு மெம்பர் செந்தமிழனும் இன்னும் மூன்று பேரும் கயிற்றோடு வந்து அவனைக் கரையேற்றினார்கள். பலகை வரவில்லை. நான்கு கற்களுக்குக் குறுக்கே கதவு சாத்தினாற்போல் அடைத்துக்கொண்டு நின்றது. ஏரியில் மிதந்த ஆகாயத்தாமரை எல்லாம் வந்து அதன்மேல் அப்பியது. தண்ணீர் வெளியேறுகிற வழியில் பாதி மூடிவிட்டது.

“மேல ஏரியும் நிரம்பிடுச்சு. அந்தத் தண்ணியும் இங்கதான் வரணும்,” என்றார் செந்தமிழன். “இது அடைச்சுகினு இருந்தா கரை தாங்குமா? கீழ வூடுங்க கீதுபா.”

“டிராக்டர் கொண்டாந்து கட்டி இழுக்கலாம். பலகையும் தப்பிக்கும்,” என்றான் திருமலை. “ஒரு மணி நேரம் ஆவும். அவ்ளோதான்.”

இசக்கிபாண்டி கரைக்கல் ஒன்றின் வெளிறிய வரியைப் பார்த்துக்கொண்டிருந்தான். தன்னைத் தூக்கியபோது அந்த வரி தண்ணீருக்கு மேல் இருந்தது. இப்போது தண்ணீர் அதைத் தொட்டுவிட்டது.

“ரம்பம் இருக்கா?” என்றான்.

“மச்சி, யோசிச்சுப் பேசு.”

“யோசிச்சாச்சு. இரும்பு அறுக்கிற பிளேடு போட்டதுன்னா நல்லது. கண்ணாடி நாரு மரம் அறுக்கிற ரம்பத்துக்கு மசியாது.”

இடுப்பில் கயிறு கட்டி இறங்கினான். மறுமுனையை நான்கு பேர் பிடித்தார்கள். மேல்தோல் அறுபட நேரம் எடுத்தது. உள்ளே வெறும் நுரை, அது சோற்றைப் போல் வழிவிட்டது. அடித்தோலின் கடைசி விரற்கடை மிச்சம் இருக்கும்போது கையை எடுத்துக்கொண்டு, “இழுங்க!” என்று கத்தினான். அவர்கள் அவனை இழுத்தார்கள். பலகை தானே முறிந்து, இரண்டு துண்டும் கற்களின் இடைவெளியில் நுழைந்து, ஆகாயத்தாமரைக் குவியலோடு அந்தப் பக்கம் விழுந்தது. இரைச்சல் கனத்தது. அவன் திரும்பிப் பார்த்தபோது முன்பாதி வாய்க்காலில் புரண்டு போய்க்கொண்டிருந்தது.

கரையில் உட்கார்ந்ததும் லீலா ஆரம்பித்தாள்.

“நான்தான் தொண்ட கிழியக் கத்துனேனே, கோடி போவுதுன்னு! காது இன்னா அடச்சுகினு கீதா?”

“கேட்டுதுக்கா. கோடின்னா கடைசின்னுல்லா நெனச்சேன். அங்க போகக் கூடாதுன்னு சொல்லுதீங்கன்னுதான் இங்கிட்டு வந்தேன்.”

“அடப்பாவி! கோடி போறதுன்னா ஏரி ரொம்பி வழியறது! அது வாயிலயே வந்து நின்னியா?”

“எங்க ஊர்ல அத மறுகால் பாயுதும்போம்.”

“இன்னும் ரெண்டு அடி போயிருந்தா ஒரு கால் பூட்டிருக்கும், மறுகால்தான் மிஞ்சியிருக்கும்,” என்றான் திருமலை. கயிறு பிடித்தவர்கள் சிரித்தார்கள். செந்தமிழன் சிரிக்கவில்லை.

“இனிமே ஏரில யாரும் எதையும் எறக்கக் கூடாது. ஊர்ல சொல்லிடறேன்.”

இசக்கிபாண்டி தலையைக் குனிந்து உள்ளங்கையில் ஏறிய நார்ச் சிலும்பை எடுத்துக்கொண்டிருந்தான். பலகை போனபோது வராத கண்ணீர் இப்போது வந்தது. லீலா அதைப் பார்த்துவிட்டாள்.

“கோடி போறப்ப எறங்கக் கூடாதுன்னு சொல்லு, சரி. மத்த நாள்ல அவன் நின்னா ஏரி உன்னைய இன்னா கேக்குது? டிராக்டர் வர்ற வரிக்கும் வெயிட் பண்றேன்னு அவன் குந்தியிருந்தா இன்னா பண்ணியிருப்ப?”

செந்தமிழன் எழுந்து வேட்டியை உதறினார். “கோடி நின்னாதான்,” என்றார். “அதுவும் இவங்க வூட்ல சொல்லிட்டுத்தான்.”

வழிவது நிற்க இருபத்திரண்டு நாள் ஆயிற்று. அடுத்த பலகைக்கான நுரைக்கட்டையை இசக்கிபாண்டி வெட்டிச் சீவி வைத்துவிட்டான். அது இப்போது லீலாவின் மாட்டுக்கொட்டகையில் இருக்கிறது. வைக்கோல் வைக்க இடமில்லை என்று அவள் தினமும் கத்துகிறாள்.

“எப்பதான்டா பூசுவ?” என்று கேட்டான் திருமலை.

இசக்கிபாண்டி வெளியே வந்து, கொதிகலன் புகை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தான். “ஈரக் காத்துல பூசினா ரெசின் பால் பூத்து வெளுத்துரும். காஞ்ச காத்து வரட்டும்.”

“அது எப்ப வரும்?”

“பத்து நாள் ஆகும். அது வரைக்கும் கொட்டகையிலதான்னு நீ போய் அக்காட்ட சொல்லிரு.”

“நீயே சொல்லு. நான் சொன்னா ஒதைக்கும்.”