கூவுக்குப் பதில் இல்லை

எங்கள் ஊரில் ஜெனூபாவைப் பற்றி யாரிடம் கேட்டாலும் "பாவம்" என்பார்கள். அந்தச் சொல்லுக்கு எங்கள் ஊரில் பஞ்சமே இல்லை. ஒரு கட்டு விறகுக்குத்தான் பஞ்சம் வந்தது. அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

பொத்துவிலில் இருந்து மேற்கே போனால் வயல் முடிகிற இடத்தில் எங்கள் ஊர் இருக்கிறது. ஊர் முடிகிற இடத்தில் காடு. அந்தக் காட்டில் ஒரு பங்கை அரசாங்கம் ஊரிடம் ஒப்படைத்து, சங்கம் வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னது. விழுந்த விறகைப் பொறுக்கலாம், தேன் எடுக்கலாம், பச்சை மரத்தில் கத்தி வைக்கக் கூடாது. பதிலுக்கு ஊருக்கு இரண்டு வேலைகள். பாதைகளை முள் மூடாமல் வெட்டி வைத்திருக்க வேண்டும். வறண்ட கச்சான் காற்று தொடங்கும் முன்னே, காட்டின் முன்புறத்து இலுக்குப் புல்லை நாங்களே அளவோடு எரித்துவிட வேண்டும். அதைச் செய்யாவிட்டால், காய்ந்த காலத்தில் எவனோ எறிந்த ஒரு பீடித்துண்டில் மொத்தக் காடும் போய்விடும்.

எரிக்கிற காலையில் பாதை வாயில் நின்று ஒருவர் மூன்று முறை கூவுவார். உள்ளே இருப்பவர் யாராக இருந்தாலும் பதிலுக்குக் கூவ வேண்டும். அந்த ஆள் வெளியே வந்து சேரும்வரை தீப்பெட்டி சட்டைப்பைக்குள்தான் இருக்கும். பதில் வராவிட்டால் உள்ளே ஆள் இல்லை என்று அர்த்தம். கைத்தொலைபேசி எடுபடாத காட்டில் இந்த ஒரு வழக்கத்தை நம்பித்தான் எல்லாரும் உயிரோடு இருந்தார்கள்.

விறகுக்குப் போகும் பெண்களில் ஜெனூபாவின் கூவுக்கு நிகரில்லை. குமரியாக இருந்த காலத்தில் அவள் கூவினால் வயலில் நிற்கும் கொக்குகள் எழும்பிப் போகும். அப்போது பாதை வெட்டுவதும் நெருப்பு வைப்பதும் நளீருடைய பொறுப்பு. ஒருநாள் அவன் பாதை வாயில் நின்று காதைப் பொத்திக்கொண்டு, "ஆருகா அது? காது அடச்சிப் பெய்த்து, வெளிய வாங்க!" என்று கத்தினான். அடுத்த பெருநாளுக்கு முன்னே பெண் கேட்டு ஆள் அனுப்பினான்.

சீதனமாக ஜெனூபாவுக்கு ஒரு வீடு இருந்தது. நளீர் அங்கே குடிவந்தான். எங்கள் பக்கம் தாய்மார் மகள் வீட்டில்தான் இருப்பார்கள்; மகள் இல்லாத அவனுடைய தாய் ஆயிஷா உம்மாவும் பின்னாலேயே வந்து, முன் அறையைத் தன்னுடையதாக்கிக்கொண்டார். ஸஹ்றா என்று ஒரு மகள் பிறந்தாள். மருமகள் சிரிக்கும் சத்தம் தெருவுக்குக் கேட்கிறது என்பதுதான் அந்த நாட்களில் ஆயிஷா உம்மாவின் பெரிய கவலை.

நளீர் மனைவிக்குக் காட்டைச் சொல்லிக்கொடுத்திருந்தான். "நெருப்பு வந்தா ஓடித் தப்பேலா. எரிஞ்சி முடிஞ்ச கறுப்புத் தரைக்குப் பாஞ்சிரு. அங்க மறுகா எரியிறதுக்கு ஒண்டுமில்ல" என்பான். இன்னொன்றும் சொல்வான். முன்பாதை அடைபட்டால் பின்பாதை இருக்கிறது. ஆற்றங்கரை வழியாக ஊரின் பின்புறம் வந்து சேரும் அந்தப் பாதையை அவன் ஒரு வருடமும் வெட்டாமல் விட்டதில்லை. அப்படி வெட்டிக்கொண்டு நின்றபோதுதான் யானை அவனை அடித்துக் கொன்றது.

ஜெனூபா வெள்ளை உடுத்து இத்தா இருந்தாள். கணவன் இறந்த பெண் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்க வேண்டும் என்பது மார்க்கம். அதன் மேல் ஆயிஷா உம்மா தன் பங்குக்கும் கொஞ்சம் சட்டம் சேர்த்தார். சன்னல் திறக்கக் கூடாது. தொலைபேசியில் கதைக்கக் கூடாது. "இத்தாவில இரிக்கிறவள்ற குரல் வாசலத் தாண்டக் கூடா. அன்னிய ஆம்பிளைர காதில விழுந்தா எண்ட மகன்ட கபுறுக்குத்தான் வேதனை" என்றார். இதை எங்கே படித்தார் என்று யாரும் கேட்கவில்லை. ஜெனூபா நம்பினாள். புருஷன்மேல் அவளுக்கு அவ்வளவு ஆசை. தன்னால் அவனுக்கு மண்ணுக்குள் ஒரு வேதனை வருவதை அவளால் நினைத்தும் பார்க்க முடியவில்லை.

ஊர்ப் பெண்கள் முறைவைத்து அவளுக்கு விறகு கொண்டுவந்து போட்டார்கள். நாற்பதாம் நாள் ஓதிக் கொடுத்த கத்தத்துச் சோறு சாப்பிட்டுக் கை கழுவியதோடு அந்த முறையும் கழுவப்பட்டுப் போனது.

"மாமி, விறகு முடிஞ்சி பெய்த்து. புள்ளைக்கி ராவும் சோறில்ல."

"ஆராச்சும் கொண்டு தருவாங்க. பொறுகா."

பொறுத்தாள். மறுநாளும் அடுப்பு மூட்டவில்லை. ஆயிஷா உம்மாவுக்கு இளைய மகன் றஊபின் வீட்டிலிருந்து சாப்பாடு வந்தது. அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு ஸஹ்றா வாசல்படியில் இருந்தாள். அடுத்த காலை, மாமி ஓதிக்கொண்டிருந்த நேரம், ஜெனூபா வெள்ளைச் சேலையோடு வீட்டின் பின்கதவால் இறங்கி, முன்பாதை வழியே காட்டுக்குள் போனாள்.

அன்றைக்குத்தான் எரிப்பு. வீட்டுக்குள் அடைபட்டவளுக்கு அதை யார் சொல்வார்கள்?

அண்ணனுடைய பொறுப்பு இப்போது றஊபிடம் வந்திருந்தது. கெட்டவன் இல்லை, சோம்பேறி. முன்பாதையை ஒழுங்காக வெட்டினான். பின்பாதையைக் கேட்டதற்கு, "அங்கால ஆரு போற?" என்று விட்டுவிட்டான். அந்தக் காலை சங்கத்து ஆட்களோடு பாதை வாயில் நின்று அவன் கூவினான்.

இலுக்குப் புல்லுக்கு நடுவே ஒரு வீரை மரத்தடியில் ஜெனூபா விறகு கட்டிக்கொண்டிருந்தாள். முதல் கூ கேட்டதும் பழக்கத்தில் அவளுக்கு வாய் திறந்துவிட்டது. கையால் பொத்திக்கொண்டாள். கூவினால் குரல் போய்ச் சேருவது முழுவதும் அன்னிய ஆண்களின் காதில். அந்த ஊரில் அவள் குரலைத் தெரியாதவர்களும் இல்லை. இரண்டாம் கூ கேட்டது. விறகைப் போட்டுவிட்டுப் பின்பாதைக்கு நடந்தாள். யாரும் காணாமல் வீட்டுக்குப் போய்விடலாம் என்பதுதான் அவள் கணக்கு. மூன்றாம் கூவும் வந்தது. கேட்டுக்கொண்டே நடந்தாள்.

பதில் இல்லை. றஊப் நெருப்பு வைத்தான். ஆட்கள் தேத்தண்ணி ஊற்றிக் குடித்தார்கள்.

பின்பாதைக்குக் குறுக்கே ஒரு பாலை மரம் சரிந்து கிடந்தது. அதன்மேல் சூரை முள் படர்ந்து சுவராகிவிட்டது. நளீர் இருந்திருந்தால் ஒரு காலையில் வெட்டித் தள்ளியிருப்பான். கையாலேயே முள்ளைப் பிய்த்துப் பார்த்தாள். சேலை சிக்கியது. திரும்பியபோது, வந்த வழியெல்லாம் புகையாக இருந்தது. அப்போதுதான் கூவினாள். ஒரு முறை. இரண்டாவது முறைக்கு மூச்சை இழுத்தாள், காற்றுக்குப் பதிலாக நெருப்பின் சூடு தொண்டைக்குள் இறங்கியது. முதல் கூவையும் யாரும் கேட்கவில்லை. எரியும் இலுக்கின் சடசடப்பில் பாங்குச் சத்தமே கேட்காது.

புருஷன் சொன்னதைத்தான் செய்தாள். முகத்தைச் சேலையால் மூடிக்கொண்டு நெருப்புக்குள்ளாலே பாய்ந்து கறுப்புத் தரையில் விழுந்தாள். அங்கிருந்து தவழ்ந்து பாதை வாய்க்கு வந்தாள்.

கறுப்புக்குள் இருந்து பாதி கருகிய வெள்ளைச் சேலையோடு ஒரு பெண் தவழ்ந்து வருவதைக் கண்ட ஆட்கள் யார் என்று அடையாளம் கண்டார்கள். உடனே என்ன செய்தார்கள் தெரியுமா? முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இத்தாவில் இருக்கிற பெண், உடுப்பும் எரிந்திருக்கிறது, பார்க்கலாமா தொடலாமா என்று ஒருவரை ஒருவர் கேட்டார்கள். "பொம்பிளையள் ஆரையும் கூட்டி வாங்கடா!" என்று றஊப் அழுதான். அழுதானே தவிர ஓரடி முன்னே வைக்கவில்லை. புல் ஏற்றத் திருக்கோவிலில் இருந்து லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தோடு வந்திருந்த பாக்கியராசாதான், "விசரன்மாரே, ஆள் சாகுது, விலகுங்கடா!" என்று தள்ளிக்கொண்டு போய், அவளைத் தான் உடுத்திருந்த சாரத்தால் சுற்றித் தூக்கி அதன் பின்பெட்டியில் கிடத்தினார். அரைக் காற்சட்டையோடு அவர் ஓட்டிப் போனதை ஊர் கூடி நின்று பார்த்தது.

கல்முனை ஆஸ்பத்திரியில் உயிரைப் பிடித்துக் கொடுத்தார்கள். விரல்கள் வளைந்துவிட்டன. குரல் திரும்பி வரவில்லை. ஓலையில் காற்று உரசுவதைப் போல ஒரு சத்தம் மட்டும் மிஞ்சியது.

வீட்டுக்கு வந்ததும் ஆயிஷா உம்மா சொன்ன முதல் வார்த்தை, "வாசலத் தாண்டினவளுக்கு அல்லாஹ் காட்டிட்டான். காபிரு தூக்கின உடம்பு வேற. இத்தாவ முதல்ல இருந்து திரும்ப இரிக்க வேணும்."

பள்ளி மௌலவி பார்க்க வந்தார். நடந்ததையெல்லாம் கேட்டார். "தேவைக்குப் பகலில வெளிய போகலாம், உம்மா. பேசவும் தடையில்ல. உசிரு போற நேரம் கத்தக் கூடா எண்டு எந்தக் கிதாபில இரிக்கி? ஒரு வார்த்தை என்னட்டக் கேட்டிருக்கலாமே" என்றார். திரைக்குப் பின்னால் ஜெனூபா அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று முழுவதும் அவள் அழுதாள். சத்தமில்லாத அழுகை என்பதால் ஸஹ்றாவைத் தவிர யாருக்கும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு றஊப் நெருப்பு வைக்கவில்லை. இப்போது காட்டுப் பாதைகளைப் பார்ப்பது ஜெனூபாதான். முதலில் அந்தப் பாலை மரத்தைத் துண்டுபோட வைத்துப் பின்பாதையைத் திறந்தாள். எரிக்கிற காலைகளில் ஆட்கள் மூன்று முறை கூவுகிறார்கள். அதன் பிறகும் அவள் உள்ளே போய் ஒவ்வொரு மரத்தடியாகப் பார்க்கிறாள். கூவிப் பதில் வராவிட்டால் ஆள் இல்லை என்று அவளை நம்பவைக்க யாராலும் முடியாது. அவள் வெளியே வந்து தலையசைத்தால்தான் நெருப்பு.

போன மாதம் ஸஹ்றாவைப் பெண் கேட்டு அக்கரைப்பற்றில் இருந்து ஆட்கள் வந்தார்கள். ஜெனூபா வளைந்த விரல்களால் தட்டைப் பிடித்துத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். ஆயிஷா உம்மா வந்தவர்களிடம் பெருமையாகச் சொன்னார்:

"எண்ட மருமகளப் போல அடக்கமான பொம்பிளைய இந்த ஊரில காணேலா. இத்தின வருஷமாகிது, அவள்ற சத்தம் வாசலத் தாண்டினதில்ல."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றாள் வந்தவள். "தாயப் போலதானே மகளும் இரிப்பா."