மேபலுக்கு மூன்று வரி

லண்டன் லாம்பெத்தில் எரிவாயு அலுவலகக் குமாஸ்தா ஹோரஸ் ஸ்டப்பிங். அம்மா ஹன்னா ஊரார் துணி துவைத்துப் படிக்க வைத்த பிள்ளை. வியாழக்கிழமை சாயங்காலமானால் தேநீர்க் கடையொன்றில் புதுக்கவிஞர்களோடு உட்கார்ந்துவிடுவான். அங்கே ஒருவர் கவிதையை மற்றவர் நீலப் பென்சிலால் வெட்டுவது வழக்கம். எதுகை ஆகாது, அடைமொழி ஆகாது, புலம்பல் ஆகவே ஆகாது. கண்ணுக்குத் தெரிகிற பொருள் மட்டும் நிற்கலாம். 'அன்பு' என்று எழுதியவன் மானம் கப்பலேறிவிடும்.

1914 மார்ச்சில், தங்கை மேபல் காய்ச்சலில் போய் ஒரு வருஷம். அந்தத் தெருவில் வருஷ நினைவுக்கு வாரப் பத்திரிகையில் பாட்டுப் போடாத வீடு கிடையாது. படிக்கத் தெரியாத ஹன்னா, துணித்தொட்டி அருகே மூன்று நாள் முணுமுணுத்துத் தானே ஒன்று கட்டினாள். ஹோரஸ் எழுதிக்கொண்டான்.

அன்பு மகளே, அருமை மேபலே,
துன்பம் தீரலை தூங்கும் வேளையிலே,
கண்ணீர் காயலை, காலமும் ஆத்தலை,
உன்னை மறக்க உங்கம்மாவால் ஆகலை.

இதன்கீழ் தன் குடும்பப் பெயர் அச்சாகி, தேநீர்க் கடை நண்பர்கள் பார்த்தால்? நினைக்கவே உடம்பு கூசியது. பத்திரிகை அலுவலக வாசலில் நின்று நான்கு வரியையும் அடித்துவிட்டு வேறு எழுதினான்:

மேபல் ஸ்டப்பிங்.
காலிக் கட்டில்.
சீப்பில் மூன்று முடி.

அன்றைக்கு அவனுக்குப் பெருமைதான், அதையும் சொல்ல வேண்டும்.

வெள்ளிக்கிழமை பத்திரிகை வந்தது. ஹன்னா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

"வாசிடா ராசா."

அந்த முகத்தைப் பார்த்து மூன்று வரியை வாசிக்க நாக்கு எழவில்லை. அச்சில் இருப்பதுபோல் அவள் பாட்டையே சொல்லிவிட்டான். அவள் அழுதாள், தாளுக்கு முத்தம் கொடுத்தாள்.

"பக்கத்து வீட்டு மிஸஸ் போகாக்குகிட்ட காட்டிட்டு வரேன். அவ வீட்டுப் பாட்டைப் பத்தி என்ன பீத்திக்கிட்டா!"

"அப்புறம் போலாமேம்மா."

"ஏன், தாள் தேஞ்சிடுமா?"

தொப்பியை மாட்டிக்கொண்டு போனாள். ஹோரஸுக்கு எழுந்து தடுக்கவும் தைரியமில்லை. வெட்கம் பிடுங்கித் தின்ன, உட்கார்ந்த இடத்திலேயே இருந்தான்.

திரும்பி வந்தவள் பத்திரிகையை மேசைமேல் வைத்தாள்.

"போகாக் வாசிச்சா. சத்தமா, எல்லார் முன்னாலயும். எம்பொண்ணு சீப்பை எதுக்குடா ஊருக்குக் காட்டினே?"

"அது கவிதைம்மா. இப்பல்லாம் இப்படித்தான்..."

"இருக்கட்டும். எம்பாட்டு ஒரு சொல் பிசகாம உனக்கு மனப்பாடமா இருந்துதே. அப்படியும் வெட்டத் தோணிச்சா?"

 தொப்பியைக் கழற்றி மாட்டிவிட்டுத் துணித்தொட்டிக்குப் போனாள்.