எட்டு மில்லிகிராம் செயலாளர்

2024 ஜூன் 9, ஞாயிற்றுக்கிழமை. எழுந்ததும் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, சுவர் தன் இடத்தில் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். நின்றது. பல் துலக்கி, பால் காய்ச்சி, இட்லி வைத்தேன். சாப்பிட்ட பிறகு தலைசுற்றல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சமையலறைக் காலண்டரில் அன்றைய கட்டத்தில் ஒரு புள்ளி வைத்தேன். காஸ் வந்த நாளை என் கணவர் அதே கட்டத்தின் நடுவில் எழுதுவார். ஆகவே புள்ளி எப்போதும் மூலையில்தான்.

அந்த வாரத் தொடக்கத்தில்தான் சுற்றல் வந்தது. படுக்கையில் வலப்பக்கம் புரண்டேன். மின்விசிறியைக் கூரையோடு சேர்த்து யாரோ சுழற்றிவிட்டது போலிருந்தது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். கணவர் எழுந்துபோய் சுவிட்சைப் பார்த்துவிட்டு, "ஃபேன் போடவே இல்லையே" என்றார்.

அம்பத்தூரில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனோம். உள்காதில், உடம்பின் சமநிலையைக் கவனிக்கும் பகுதியில் கோளாறு என்றார். வீசிங், அல்சர் உண்டா என்று கேட்டுக்கொண்டு, எட்டு மில்லிகிராம் மாத்திரை மூன்று வேளைக்கு எழுதினார். "கொஞ்ச நாளைக்குத் தலையை வெடுக்குனு திருப்பாதீங்க, ஆட்டாதீங்க."

சரி என்று தலையாட்டினேன்.

"இதைத்தாம்மா சொல்றேன்" என்றார்.

ஞாயிறு மாலை எங்கள் கள்ளிக்குப்பம் அடுக்ககத்தில் சங்கக் கூட்டம். பழைய செயலாளர் வீட்டை விற்றுவிட்டுப் பூந்தமல்லிப் பக்கம் போய்விட்டார். செயலாளர் என்றால் தண்ணீர் லாரி, அடைத்துக்கொண்ட சாக்கடை, யார் கார் யார் காரை மறைக்கிறது என்ற பஞ்சாயத்து எல்லாம். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: அந்தப் பதவி என்மேல் விழக் கூடாது. அதற்காக மாத்திரை அட்டையைக் கைப்பையில் எடுத்துவைத்தேன்.

"முகத்தைக் கொஞ்சம் சோர்வா வெச்சுக்கோ" என்றார் கணவர்.

"சோர்வாத்தானே இருக்கேன்."

"பத்தலை."

கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள். முதல் மாடிக்காரர்தான் தலைமை. ஆவடித் தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வுபெற்றவர். தொண்டையைச் செருமிக்கொண்டு, "மேடம் எல்லாத்தையும் டைரியில எழுதறவங்க. அவங்களே செயலாளரா இருக்கட்டும்" என்றார்.

நான் அட்டையை எடுத்து உயர்த்திக் காட்டினேன். "எனக்கு வெர்டிகோ சார். மாத்திரையில இருக்கேன்."

எல்லோரும் அட்டையை எட்டிப் பார்த்தார்கள். தப்பித்தோம் என்று நினைத்தேன். ஃபோர்மேன் தன் சட்டைப் பையில் கைவிட்டு, அதே மாத்திரை அட்டையை எடுத்தார்.

"மேடம், உங்களுது எத்தனை?"

"எட்டு."

"நான் பதினாறு" என்றார், பதவி உயர்வைச் சொல்வது போல.

தரைத்தளக்காரர் நாற்காலியை முன்னால் இழுத்தார். இந்த மனை ஒரு காலத்தில் அவர் குடும்பத்து வயல். "இன்னா சார் பதினாறு! நான் இருவத்தி நாலு போட்டுகினு கீறேன். ஊட்ல கீது, எட்த்தாரட்டா?" எடுத்துவந்தும் விட்டார். அட்டை கைமாறிக் கைமாறி எல்லா நாற்காலிகளுக்கும் போய்வந்தது.

இரண்டாம் மாடி ஐ.டி. இளைஞர், "எனக்கும் நைட் ஷிஃப்ட்ல தலை சுத்துது அங்கிள்" என்றார்.

"நீ செல்ஃபோன் பாக்காத நைனா, பூடும்" என்றார் தரைத்தளக்காரர்.

அவர் போட்டியிலிருந்து விலக்கப்பட்டார்.

எதிலும் கணக்குச் சரியாக இருக்க வேண்டும் எனக்கு. "ஒரு மாத்திரையோட அளவை மட்டும் பார்க்கக் கூடாது. ஒரு நாளைக்கு மொத்தம் எவ்வளவுன்னு பார்க்கணும். என்னுது மூணு வேளை, இருபத்து நாலு" என்றேன்.

"நான் அதே இருவத்தி நாலை ரெண்டு வேளை போடறேன் அக்கா."

"என் பதினாறும் மூணு வேளை" என்றார் ஃபோர்மேன்.

இருவருக்கும் நாற்பத்தெட்டு. கூட்டிச் சொன்னதும் நான்தான். இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். கூட்டத்திலேயே ஆரோக்கியமான நோயாளி நான் என்று என் வாயாலேயே நிரூபணமாகிவிட்டது. நோயின் கடுமையை மில்லிகிராமால் அளக்க முடியாது என்று அதன்பிறகு சொன்னேன். யாரும் கேட்கவில்லை.

"என்னால முடியாது சார்."

எங்கள் அடுக்ககத்தில் வாயால் மறுப்பதற்கு மதிப்பில்லை. காபி வேண்டுமா என்றாலும் முதலில் வேண்டாம் என்றுதான் சொல்வோம். தலையைப் பலமாக ஆட்டினால்தான் உண்மையான மறுப்பு. நானோ கழுத்தை இரும்புக் கம்பி போல வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"பாரு, அக்கா தலைய ஆட்டல. சும்மா பிகு பண்ணுது. சம்மதம்தான்!" என்றார் தரைத்தளக்காரர்.

உதவிக்குக் கணவரைப் பார்க்க நினைத்தேன். கழுத்தைத் திருப்பக் கூடாதே. எழுந்து, நாற்காலியோடு சேர்ந்து திரும்பி உட்கார்ந்தேன். அதற்குள் எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அவரும் தட்டிக்கொண்டிருந்தார்.

"எதுக்குத் தட்டினீங்க?" என்று மாடிப்படியில் கேட்டேன்.

"எல்லாரும் தட்டும்போது நான் மட்டும் சும்மா இருந்தா நல்லாவா இருக்கும்?"

மறுநாள் காலை பல் துலக்கும் முன்பே அழைப்பு மணி. தரைத்தளக்காரர் நின்றிருந்தார். "அக்கா, பைப்ல தண்ணி வர்ல. யாராச்சும் மேல ஏறி டேங்கைப் பாக்கணும். நமக்குத்தான் தலை சுத்துமே."

செயலாளராக நான் செய்த முதல் வேலை, கணவரைத் தட்டி எழுப்பி மொட்டைமாடி ஏணியில் ஏற்றியது.