பொட்டு வைத்த டயர்

டயரைக் கண்டுபிடித்தவன் இன்றைக்கு உயிரோடு இருந்திருந்தால், புக்கிட் ரோத்தானுக்கு பஸ் பிடித்து வந்து, தனேஸ்வரி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "அம்மா, நான் செஞ்சது சரிதானா?" என்று கைகட்டிக் கேட்டிருப்பான். அவரும் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, "பரவால்ல, இன்னும் கொஞ்சம் ரவுண்டா செஞ்சிருக்கலாம்" என்று சொல்லி அனுப்பியிருப்பார். கெர்லிங் தொடங்கி குவாலா சிலாங்கூர் வரை டயரை முழுதாக அறிந்தவர் தனேஸ்வரி ஒருவரே. இதைச் சொன்னவரும் தனேஸ்வரி ஒருவரே.

வயது நாற்பத்தேழு. கெர்லிங் பக்கம் ஒரு தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். அப்பா செல்லன் டிராக்டர் ஓட்டியவர். மகளுக்கு அவர் விட்டுப்போன சொத்து இரண்டு: ஸ்டியரிங் பிடிக்கத் தெரிந்த கை, யார் பேச்சையும் கேட்காத காது. ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் பதினோரு வருடம், ஓடும் பட்டையின் முன் நின்று, புட்டிகளுக்கு மூடி சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். அந்த மூடி கனவிலும் வரத் தொடங்கிய பிறகு வேலையை விட்டார். இருந்த சேமிப்பை வழித்து ஒரு பழைய ஹைலக்ஸ் பிக்கப் வண்டி வாங்கினார். உடம்பு பச்சை, ஒரு கதவு மட்டும் வெள்ளை. அந்தக் கதவின் கண்ணாடியை இறக்க ஸ்பானர் வேண்டும். சிறு தோட்டங்களில் வெட்டிப் போட்ட எண்ணெய் ஆலைக்குப் போகும் செம்பனைக் குலைகளை ஏற்றி, எடை போடும் இடத்தில் கொண்டு சேர்ப்பது அவர் தொழில்.

அந்தத் தொழிலுக்கு வேண்டியது நல்ல டயர். அதில்தான் அவர் மேதை.

முதல் முறை வாங்கிய டயர்களில் பூ ஆழமாக இருந்தது. டயர் மேல் ஓடும் பள்ள வரிகளைத்தான் இங்கே பூ என்பார்கள். மல்லிகைச் சரம் வாங்குவது போல் பூவை மட்டும் பார்த்து வாங்கினார். தேய்ந்துபோன பழைய டயரில் யாரோ கத்தியால் வெட்டிய பூ அது. மூன்றாம் வாரம் சின்னம்மா என்பவரின் தோட்டத்தில், கால்வாயோரத் திருப்பத்தில், வண்டி மாட்டிக்கொண்டது. இரண்டாம் முறை சேற்றுக்கென்றே செய்த முரட்டு டயர்களைப் பழையதாக வாங்கினார். தார் ரோட்டில் அவை போட்ட இரைச்சலுக்குத் தாமான் குடியிருப்பு நாய்கள் எல்லாம் பின்னால் ஓடி வந்தன. "சத்தம் வந்தாதான் டயரு வேல செய்யுதுன்னு அர்த்தம்" என்றார் மேதை. அதே திருப்பத்தில் மறுபடியும் மாட்டியது. அந்த முறை டிராக்டர் வந்து இழுத்தது. அதை வீடியோ எடுத்து ஊர் முழுக்க அனுப்பியவன் செல்வா. அதே குலை ஏற்றும் தொழிலுக்குப் புது ஃபோர் வீல் வண்டி வைத்திருக்கிறான். வண்டியைத் தவிர அவனிடம் வேறொன்றும் கிடையாது.

சின்னம்மாவுக்குப் பத்து ஏக்கர் செம்பனை. தனேஸ்வரியின் பிழைப்பில் பாதி அந்தப் பத்து ஏக்கர்தான்.

"தனேசு, வெட்டுன பழம் சேத்துல கெடந்து அழுகுது. இன்னொரு தடவ மாட்டுனா செல்வா பையன கூப்பிட்டுக்குவேன் லா. என்னய கொற சொல்லாத" என்றார் சின்னம்மா.

"எங்க மாட்டப் போவுதுக்கா? அடுத்த தடவ பாருங்க, காத்து மாரி போவேன்" என்று சிரித்துவிட்டு வந்தார் தனேஸ்வரி. வந்தவர் அன்று சாப்பிடவில்லை. பத்து ஏக்கர் போனால் வண்டியை விற்க வேண்டும். வண்டி போனால் மறுபடியும் ரவாங், மறுபடியும் மூடி.

புஞ்சாக் ஆலாமில் ஒரு டயர்க் கடைக்குக் கிளம்பினார். டயர் உருட்ட அண்ணன் மகன் பவனேஷையும் கூட்டிப் போனார். இவனைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நான்காம் படிவத்தோடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன். மூன்று வேளையும் அத்தை வீட்டில் சாப்பிட்டுவிட்டு உப்பு போதவில்லை என்பவன்.

தனேஸ்வரி கொண்டுபோன பணத்துக்குக் கடையில் இரண்டு வகைதான் இருந்தன. ஒன்று, எல்லாருக்கும் தெரிந்த பெரிய பெயர், வெள்ளை எழுத்து, தடித்த பூ, பழையது. இன்னொன்று, மண்ணுக்கும் தாருக்கும் பொதுவான புது டயர். அதன் பெயரை யாரும் கேள்விப்பட்டதில்லை. விலை ஏறக்குறைய ஒன்றுதான்.

மேதை சோதனையைத் தொடங்கினார். விரல் மடக்கித் தட்டிக் காது வைத்துக் கேட்டார். நகத்தால் கீறினார். கடைசியாகக் குனிந்து மோந்து பார்த்தார். பக்கத்தில் காற்றடிக்க வந்த பல்கலைக்கழக மாணவன் ஒருவன், இவர் டயர் வாங்குகிறாரா பலாப்பழம் வாங்குகிறாரா என்று குழம்பி நின்றான்.

"இதுதான். பூவ பாரு, எப்படி நிக்குது!" என்று பழையதைக் காட்டினார்.

கடைக்காரர் தேவன் தலையைச் சொறிந்தார். "அக்கா, பூ நிக்கும். ரப்பர் நிக்காது. ஓரத்துல நாலு நம்பர் இருக்கு பாருங்க, 1614. ரெண்டாயிரத்துப் பதினாலு, பதினாறாவது வாரம் செஞ்சது. காஞ்சி கட்டையா போச்சு, சேத்த புடிக்காது. அந்தப் புதுச பாருங்க, 3124. போன வருசத்துக்கு முந்தின வருசச் சரக்கு, பாரமும் தாங்கும்."

"டயருக்கு வருசம் பாக்க, இது என்ன கல்யாணப் பொண்ணா? அந்தப் பேரு வாயிலயே நொழயல. பேரில்லாதத வாங்கி ஓட்டுனா செல்வா சிரிக்க மாட்டான்?"

சொல்லிவிட்டு, வண்டியில் முருகன் படத்தடியில் வைத்திருந்த டப்பாவைக் கொண்டு வந்தார். நான்கு பழைய டயருக்கும் சந்தனம், அதன் மேல் குங்குமம். பொட்டு வைத்துவிட்டால் முடிந்தது. குக்கரோ, ஆடோ, டயரோ, பொட்டு வைத்ததை விட்டுவிட்டு வரக் கூடாது என்பது அவர் சட்டம். டப்பாவை அங்கேயே வைத்துவிட்டு, எதிர்க் கடையில் தேத்தண்ணி குடிக்கப் போனார்.

அந்த இடைவெளியில் யாரோ ஒருவன் ஈரத்துணியால் நான்கு பொட்டையும் துடைத்தான். பேரில்லாத நான்கு டயருக்கும் புதிதாகப் பொட்டு வைத்தான். அவன் யாரென்று தெரியவில்லை. தனேஸ்வரி மறுபடியும் மூடி பார்க்கப் போவதில் அவனுக்கு ஏனோ விருப்பமில்லை. சாப்பாடு நின்றுவிடும் என்ற பயமாகத்தான் இருக்கும். தேவன் அந்த நேரம் பார்த்துக் காற்றழுத்தக் கருவியைத் துடைப்பதில் மும்முரமாக இருந்தார்.

தனேஸ்வரி திரும்பி வந்தார். பொட்டைப் பார்த்தார். டயரைப் பார்த்தார். குனிந்து கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"மாட்டு" என்றார்.

பொட்டு எங்கே இருக்கிறதோ அதுவே தன் டயர் என்று நம்பிவிட்டார் பாவம்! அன்றே கோயில் வாசலில் நான்கு சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம் நசுங்கியது.

மூன்று நாள் மழைக்குப் பிறகு சின்னம்மா தோட்டத்தில் பழம் வெட்டினார்கள். ஹைலக்ஸில் குலைகளை நிறைத்துக்கொண்டு திருப்பத்துக்கு வந்தபோது, சின்னம்மா குடையோடு நின்றிருந்தார். செல்வா கைப்பேசியோடு நின்றிருந்தான். "அக்கா, கயிறு கொண்டாந்திருக்கேன், பயப்படாதீங்க லா!" என்று கத்தினான்.

முன் சக்கரம் இறங்கியது. பின் சக்கரம் சுழன்று சேற்றை வாரி இறைத்தது. பாரத்தோடு வண்டியின் பின்பக்கம் கால்வாயை நோக்கி மெல்ல நழுவியது. அத்தை பிரேக்கைத் தொடவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, ஸ்டியரிங்கை ஒரு சாண் திருப்பி, ஆக்சிலரேட்டரில் காலை ஒரே அளவில் வைத்திருந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. ஒரு நொடி வண்டி அங்கேயே நின்று நடுங்கியது. பிறகு அடி மண்ணைக் கவ்விப் பிடித்து, மாடு எழுந்திருப்பது போல் எழுந்து, மேட்டில் ஏறியது.

"அடுத்த வெட்டு ரெண்டு வாரத்துல, வந்துரு" என்றார் சின்னம்மா. செல்வா வீடியோவை அழித்தான்.

அன்றிலிருந்து மேதையின் பேச்சைத் தாங்க முடியவில்லை. "பேர பாத்து ஏமாறக் கூடாது லா. நான் தட்டுனப்பவே தெரிஞ்சிச்சு, இதுதான் சரக்குன்னு." குவாலா சிலாங்கூரில் மீன் வாங்கப் போன இடத்திலும் மீன்காரருக்கு இதே பாடம்.

கோயில் திருவிழா மலரில் போட என்று பவனேஷ் இதையெல்லாம் கைப்பேசியில் எழுதி முடித்தான். தனேஸ்வரி அதைப் பிடுங்கி, வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்து, ஒரு வரி விடாமல் படித்தார்.

"இந்த யாரோ ஒருத்தன்னு போட்டிருக்கியே, யாருடா அவன்?"

"தெரியல அத்த. யாரோ."

"நான் மோதிர வெரல்ல பொட்டு வெப்பேன், சின்னதா இருக்கும். வந்து பாத்தா ஒவ்வொண்ணும் அப்பம் சைசுல இருக்கு. அதுவும் கரெக்டா அந்த நாலு நம்பருக்குப் பக்கத்துல. உன் கட்ட வெரலு வேற செவப்பா இருந்திச்சு. நான் என்ன குருடா?"

பவனேஷ் கட்டை விரலை உள்ளங்கைக்குள் மடக்கி ஒளித்தான்.

"அது போவட்டும். ஆரம்பத்துலேருந்து தனேஸ்வரி, தனேஸ்வரின்னு மருவாத இல்லாம பேர சொல்லி எழுதிட்டு, வண்டி கால்வாயில சாயப் போன எடத்துல மட்டும் அத்தைன்னு எழுதியிருக்க. ஏன்டா? பயந்துட்டியா?"

"தெரியாம வந்துருச்சி. குடுங்க, மாத்திர்றேன்" என்று கை நீட்டினான்.

தனேஸ்வரி கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார்.

"கோயில் குரூப்புக்கு அப்பவே அனுப்பிட்டேன் லா."